ரூபாய் இறங்கினால் ஏலம் ஏறுமா?

"அண்ணே, டாலர் ஏறினா நமக்கு நல்லதாமே? ஏலக்காய்க்கு வெலை கூடுமாமே? போடியில யாவாரிங்க பேசிக்கிறாங்க. நெசந்தானா?"

தேவாரத்தில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது இப்படிக் கேட்டார் ஒரு தோழர். தலையிலே துண்டு, தோளிலே மண்வெட்டியின் தழும்பு. பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் நம் முகத்தையே பார்த்தார்கள். "நல்லதுதான், ஆனால் உங்களுக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். சொன்னது சரி. ஆனால் அது போதாது. ஏன் தனக்கல்ல என்பதைத் தெரிந்துகொள்ள அந்தத் தோழருக்கு உரிமை உண்டு. பொருளாதாரம் படித்த மேதாவிகள் எல்லாம் இதை அவருக்கு விளங்காத மொழியில் எழுதி, விளங்காததையே ஒரு வேலியாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேலியைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம், தோழர்களே!

தேவாரம் என்ற பெயரைக் கேட்டதும் பதிகம் பாடிப் பக்தி வளர்க்கும் ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கே மலை, அடிவாரத்தில் ஊர், மலைக்கு மேலே ஏலத்தோட்டம். விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய், காய் எடுத்துவிட்டு, பொழுது சாய ஊர் திரும்பும் தாய்மார்களின் ஊர். விளைகிற நிலம் கேரளத்தில், விளைவிக்கும் கை தமிழகத்தில். 1956-ல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் நம் கையை விட்டுப் போன கதையை இங்கே விரிக்கவில்லை. அது தனிக்கதை, ஆறாத கதை. காய் மட்டும் மலையிறங்கிப் போடிக்கு வந்துவிடுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடம் அங்கே இருக்கிறது. ஏலம் ஏலம் போகிற ஊர் அது!

அந்த ஏலக்கூடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், செலாவணி என்ற பூதம் சாதாரண ஆசாமியாகத் தெரியும். ஏலக்காய்க்கு விலை இருப்பது போல ரூபாய்க்கும் விலை உண்டு. ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் அந்த விலை. இதை மூன்று விதமாக வைக்கலாம். "கிலோ இவ்வளவுதான், ஒரு காசு கூடாது, குறையாது" என்று சர்க்கார் தண்டோரா போட்டுவிடலாம். அது நிலைவிகிதம். தண்டோரா போட்டால் மட்டும் போதாது. அந்த விலைக்கு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கிடங்கிலே சரக்கு வேண்டும். ரூபாயின் விலையைக் காக்க வேண்டுமானால் கிடங்கிலே டாலர் வேண்டும், தங்கம் வேண்டும். கிடங்கு காலியானால் தண்டோரா வெறும் ஓசை. இரண்டாவது, தினந்தோறும் ஏலம் விட்டு, கேட்பவன் கேட்கிற விலைக்கு விடுவது. அது மிதக்கும் விகிதம். மூன்றாவது, ஏலந்தான் நடக்கும். ஆனால் ஒரு மூலையிலே பெரிய கை ஒன்று உட்கார்ந்திருக்கும். விலை தறிகெட்டு விழுந்தால் வாங்கும், எகிறினால் விற்கும், முகத்தைக் காட்டாது. இந்தியா இன்று நடத்துவது இந்த மூன்றாவது வித்தை. அந்தப் பெரிய கை, ரிசர்வ் வங்கி.

ரூபாயின் விலை மழையைப் போல வானத்திலிருந்து வருவதல்ல. மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்வது. முடிவு செய்கிறவர்கள் யார், அந்த முடிவுக்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்று தேடிப் போனால், இரண்டு பேரும் ஒருநாளும் ஒரே பந்தியில் உட்காரவில்லை என்பது தெரியும்.

வெள்ளையன் காலத்திலிருந்தே பார்ப்போம். 1927-ல் சட்டம் போட்டு ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று கட்டினார்கள். "ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் போதும்" என்று இங்கே பலத்த எதிர்ப்பு. இரண்டு பென்சுக்கா இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். நாலு பென்ஸ் விகிதத்தில் ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். ஆறு பென்ஸ் விகிதத்தில் பதின்மூன்று ரூபாய் ஐந்தணா நாலு பை. சீமையிலே ஒரு பவுனுக்குப் பருத்தி விற்றால் உழவனுக்குச் சேர வேண்டிய பதினைந்து ரூபாயில் ஒன்றரை ரூபாய்க்கு மேல் ஆவியாகிவிடும்! அதே நேரத்தில், இங்கே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று இலண்டனில் இளைப்பாறும் துரைமார்களுக்கு உபகாரச் சம்பளம் அனுப்பச் சர்க்காருக்கு ரூபாய் குறைவாகச் செலவாகும். லங்காஷயர் துணி இங்கே மலிவாக வந்து குவியும். துரைக்கு இலாபம், மில்லுக்கு இலாபம், மண்ணைக் கிண்டியவனுக்கு மண்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்திலிருந்து கழன்றுகொண்டது. ரூபாயைக் கழல விடவில்லை. பவுனோடு கட்டியே இழுத்துச் சென்றார்கள். விளைபொருள் விலை பாதாளத்தில், நிலவரி மட்டும் பழைய உயரத்தில். கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றி விற்றான் உழவன். அந்தப் பொன் பம்பாயில் கப்பல் ஏறிச் சீமைக்குப் போனது. ஆகவே "ரூபாய் உயரமாக நின்றால் நாட்டுக்குப் பெருமை" என்று யாராவது மார் தட்டினால் உடனே கைதட்டிவிடாதீர்கள். உயரமாக நின்ற ரூபாயும் ஏழையை மிதித்திருக்கிறது.

போர் முடியும் தறுவாயில், 1944 ஜூலையில், அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைவாசத்தில் 44 நாடுகள் கூடின. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் அங்கேதான் கருவாயின. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர். மற்ற நாணயங்கள் எல்லாம் டாலரைச் சுற்றி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மாநாட்டில் இந்தியத் தூதுக்குழுவில் உட்கார்ந்திருந்த தமிழர் கோவை ஆர். கே. சண்முகம். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் அவர்தான். போருக்காக இந்தியாவிடம் சரக்கு வாங்கி, கடன் சீட்டு எழுதி வைத்திருந்தது பிரிட்டன். நூறு கோடி பவுனுக்கு மேல்! "அந்தக் கடனுக்கு இங்கே ஒரு வழி சொல்லுங்கள்" என்று இந்தியத் தரப்பு கேட்டது. "அது உங்களுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள விவகாரம்" என்று கதவைச் சாத்தினார்கள். பெரியவர்கள் பந்தியில் சிறியவனுக்கு நாற்காலி உண்டு, இலை இல்லை!

பிறகு 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் விலையை 4 டாலர் 3 சென்டிலிருந்து 2 டாலர் 80 சென்டாக வெட்டியது. சுதந்திரம் பெற்று இரண்டாண்டு ஆகியும் நாம் பவுனின் வாலைப் பிடித்தே ஓடினோம். டாலர் 3 ரூபாய் 31 காசிலிருந்து 4 ரூபாய் 76 காசாயிற்று.

இனி வருவது நம் தேவாரத்துத் தோழருக்கு நேராகத் தொடர்புள்ள கதை. சற்று நின்று கேட்க வேண்டிய கதை.

ஏலக்காய் எங்கே போகிறது வெளிநாட்டில்? அரபு நாட்டுக்கு. அங்கே விருந்தாளி வந்தால் ஏலம் தட்டிப் போட்ட கஹ்வாவைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்காவிட்டால் அவமரியாதை. எண்ணெய் பீறிட்டு எழுவதற்கு முன்பே அந்தக் கரையோரத்துக்கும் நம் கரைக்கும் கப்பல் வணிகம் உண்டு. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் ஆகிய இடங்களில் கடைத்தெருவில் புழங்கிய நாணயம் எது தெரியுமா? நம் ரூபாய்! ஆம், இந்திய ரூபாய். அரபு வணிகர் மடியை அவிழ்த்தால் விழுந்தது இந்தியாவில் அச்சடித்த நோட்டு.

அதிலும் ஒரு கோளாறு வந்தது. இந்தியாவில் தங்கத்துக்குக் கிராக்கி. வளைகுடாவிலிருந்து தங்கம் கள்ளத்தனமாக இங்கே வந்தது. அதற்கு விலையாக ரூபாய் நோட்டு அங்கே போனது. அந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் ரிசர்வ் வங்கி பவுன் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிடங்கில் ஓட்டை! அதை அடைக்க 1959-ல் வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தார்கள். நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் ஓர் அடையாள எழுத்து. வளைகுடா ரூபாய் என்று அதற்குப் பெயர். மதிப்பு என்னவோ நம் ரூபாயின் மதிப்பேதான். 1961-ல் குவைத் தனக்கெனத் தினார் அச்சடித்துக்கொண்டு விலகியது, 1965-ல் பஹ்ரைன். மற்றவர்கள் நம் நோட்டையே நம்பி இருந்தார்கள்.

வந்தது 1966 ஜூன் 6. டெல்லியில் நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி. பிரதமர் இந்திரா காந்தி. ஒரே அறிவிப்பு: டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது இனி 7 ரூபாய் 50 காசு. நாற்பதாண்டுக் காலம் பதின்மூன்று ரூபாய் சொச்சமாக நின்ற பவுன், ஒரே இரவில் இருபத்தொரு ரூபாய். ரூபாயின் மதிப்பில் நூற்றுக்கு முப்பத்தாறரை பங்கு வெட்டு!

ஏன் வெட்டினார்கள்? 1965-ல் பாகிஸ்தானோடு போர். அதைச் சாக்கிட்டு அமெரிக்க உதவி நின்றது. அதே ஆண்டில் வறட்சி. மறு ஆண்டும் வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால் அடுப்பு, வராவிட்டால் பட்டினி. "நாணயத்தை வெட்டு, உதவி தருகிறோம்" என்று உலக வங்கியும் நிதியமும் அழுத்தின. வெட்டிய பிறகு உதவி சொன்ன அளவுக்கு, சொன்ன காலத்தில் வந்து சேரவில்லை என்பது பின்னர் தெரிந்தது. யோசனையை எதிர்த்து வந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1965 முடிவிலேயே நிதியமைச்சர் பதவியை விட்டுப் போயிருந்தார். காங்கிரசுக் கட்சிக்கே அன்று தலைவராக இருந்த காமராசர் இந்த வெட்டை ஏற்கவில்லை. தன் கட்சித் தலைவரைக் கூடக் கலந்து பேசாத டெல்லி, தேவாரத்துத் தோழரையா கேட்டிருக்கப் போகிறது!

வளைகுடாவில் என்ன நடந்தது? நேற்று இரவு நூறு ரூபாய் வைத்துப் படுத்தவன் காலையில் எழுந்தபோது அறுபத்துமூன்றரை ரூபாய்க்காரன். அவன் செய்த குற்றம் என்ன? இந்தியாவை நம்பியது. கத்தாரும் துபாயும் அந்த ஆண்டே நம் ரூபாயைக் கைகழுவிப் புது ரியால் கண்டன. ஓமன் மட்டும் 1970 வரை பொறுத்தது. கடல் கடந்து கடைத்தெரு ஆண்ட நாணயம் ஊர் திரும்பியது. ஒரு போர் நடத்தியும் பெற முடியாத செல்வாக்கை ஓர் அறிவிப்பில் தொலைத்தார்கள்.

"சரி, ஏற்றுமதி கூடுமல்லவா?" என்பார்கள். அதுதானே நம் தோழரின் கேள்வி. கணக்குப் போடுவோம். ஒரு கிலோ ஏலக்காய் பத்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்குக்குச் சொல்கிறோம். ஜூன் 5-ல் அதற்கு 47 ரூபாய் 60 காசு. ஜூன் 6-ல் 75 ரூபாய். அடடா, 27 ரூபாய் 40 காசு கூடுதல்! யாருக்கு? காய் எடுத்த அம்மையார் ஜூன் 5-க்கு முன்பே கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய விலைக்கு வாங்கிக் கிடங்கில் போட்டவன் கையில் இருக்கிறது சரக்கு. அவனுக்கு அடித்தது யோகம். அடுத்த பருவம் வரட்டும், அப்போதாவது கூலி கூடுமா என்றால், அரபு வணிகன் என்ன ஏமாந்த சோணகிரியா? "உன் ரூபாய்தான் விழுந்துவிட்டதே, எட்டு டாலருக்குக் கொடு" என்பான். கொடுத்தாலும் ஏற்றுமதியாளனுக்கு அறுபது ரூபாய், பழையதைவிட மேல், சிரித்துக்கொண்டே கொடுப்பான். நாட்டுக்கு வந்த டாலர் மட்டும் பத்திலிருந்து எட்டு ஆகிவிட்டது! எந்த டாலருக்காக ரூபாயை வெட்டினோமோ அந்த டாலர் குறைந்துவிட்டது. இந்த ஆபத்து தெரிந்துதான் தேயிலை, சணல் போன்ற பழைய ஏற்றுமதிப் பொருள்கள் மீது அதே நேரத்தில் ஏற்றுமதி வரியும் போட்டார்கள். வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்கும் வித்தை.

ஏலக்காய் வாரியம் என்று ஒன்று தொடங்கியதும் அதே 1966-ல்தான் என்பது ஒரு வேடிக்கை. 1967 பிப்ரவரியில் தேர்தல். அரிசி விலை கேட்டது ஓட்டு, சொன்னது தீர்ப்பு. மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சர். அரிசிக்கும் நாணய வெட்டுக்கும் முடிச்சுப் போட்டு எல்லாம் அதனால்தான் என்று நாம் சொல்லவில்லை. வறட்சிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டிருந்த வீட்டில் கூரையைப் பிரித்த கை டெல்லியின் கை.

நாணயத்தை மலிவாக்கினால் சந்தை நமக்கே என்ற வாதத்தைத் தூள் தூளாக்க ஒரு நாடு இருக்கிறது. குவாத்தமாலா! அமெரிக்கக் கண்டத்தின் இடுப்பிலே இருக்கிற குட்டி நாடு. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட செடி நம் ஏலம். அந்த நாட்டு நாணயம் கெட்சால். 1920-களிலிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை ஒரு கெட்சால் ஒரு டாலர், அசையவில்லை. நம் ரூபாயோ 4.76, பிறகு 7.50, 1985 வாக்கில் 12 ரூபாய் என்று வழுக்கிக்கொண்டே வந்தது. மலிவு நாணயந்தான் வெல்லும் என்றால் நாமல்லவா வென்றிருக்க வேண்டும்? அசையாத நாணயக்காரன் 1980-களில் உலகச் சந்தையில் முதலிடம் பிடித்தான். அரபு நாட்டுக் கிண்ணங்களில் அவன் ஏலம் மணந்தது. காரணம், அவன் நிறைய விளைவித்தான், உள்ளூரில் தின்னவில்லை, விளைந்ததை எல்லாம் கப்பலேற்றினான். நம் பக்கத்தில் விளைச்சலைப் பன்மடங்காக்கியது டெல்லியின் வெட்டல்ல. இடுக்கி மலையில் ஒரு விவசாயி கண்ணும் கருத்துமாய்த் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய 'ஞள்ளானி' என்ற இரகம். நிதி மந்திரிகள் செய்யாததை ஒரு செடி செய்தது.

இடையில் உலகமே தலைகீழானது. 1971 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், டாலரைக் கொடுத்தால் தங்கம் தரும் சன்னலை அடைத்தார். பிரெட்டன் வுட்ஸ் கோட்டை சரிந்தது. ரூபாய் சில காலம் பவுனைப் பிடித்துத் தொங்கி, 1975-ல் பல நாணயங்கள் கொண்ட ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டது.

1991-ல் கிடங்கு காலி. சில வாரச் சரக்குக்குக் கூட டாலர் இல்லை. 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் ஈடாக வைத்தார்கள். ஜூலை 1-ல் ஒரு வெட்டு, 3-ல் இன்னொரு வெட்டு. மன்மோகன் சிங் நிதியமைச்சர். ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்து காரியம் நடத்தியவர் சி. ரங்கராஜன். அந்த வெட்டைத் தவிர்த்திருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம். காலிக் கிடங்கை வைத்துக்கொண்டு தண்டோரா போட முடியாது; போட்டால் கள்ளச்சந்தைக்காரன் சிரிப்பான். 1993 மார்ச்சிலிருந்து நிலைவிகிதம் போய் ஏலம் வந்தது, மூலையிலே பெரிய கையோடு. அன்று முதல் "வெட்டு" என்ற சொல்லே இல்லை. இன்று பத்து காசு, நாளை ஐந்து காசு என்று சத்தமில்லாமல் இறங்குகிறது. 2013 ஆகஸ்டில் 68-ஐத் தொட்டது. 2022-ல் 80-ஐத் தாண்டியது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 1966-ல் நாடே கொதித்தது. இப்போது செய்தித்தாளின் மூலையில் நாலு வரி.

இனி நேரடியாக ஏலக்கூடத்துக்கே போய்ச் சோதித்துவிடலாம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் உச்சவிலையாக 7,000 ரூபாய் தொட்டது. அன்று டாலர் ஏறத்தாழ 70 ரூபாய். 2022-ல் டாலர் 80 ஆனது. ஏலக்காய்? சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்து கிடந்தது! டாலர் ஏறியது, ஏலம் சரிந்தது. 2019-ன் விலை 2018 பெருவெள்ளமும் பிறகு வந்த வறட்சியும் செடியை அழித்ததால் வந்த விலை. 2022-ன் விலை காய் குவிந்ததால் வந்த விலை. ரூபாய்க்கு அதிலே பெரிய வேலை இல்லை. ஏன் இல்லை? நம் ஏலக்காயில் பெரும்பகுதியை நாமே தின்கிறோம். வடநாட்டு மிட்டாய்க்கும் தேநீருக்கும் பான் மசாலாவுக்கும் போகிறது அது. அதை வாங்குகிறவன் கையில் டாலர் இல்லை, ரூபாய்தான். அரபு நாட்டுக்குப் போகும் கொஞ்சத்தையும் பூச்சிமருந்து எச்சம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. மருந்தை அளவாக அடித்தால் கிடைக்கும் சந்தை, ரூபாயை இறக்கினால் கிடைக்காது.

ஆக, அந்தத் தோழரின் வருமானத்தில் டாலர் இல்லை. செலவில்? அங்கேதான் இருக்கிறது சூது!

விடியலில் ஏறுகிற ஜீப்புக்கு டீசல் வேண்டும். இந்தியாவில் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டாலருக்கு வருகிறது. செடிக்குப் பொட்டாஷ் உரம் வேண்டும். அது ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி. வீட்டுக்கு வந்து தாளிக்க எண்ணெய் வேண்டும். நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு கருங்கடல் ஓரத்திலிருந்து. வாங்கும் கூலி ரூபாயில், எரிக்கும் எண்ணெய் டாலரில். இந்த ஒற்றை வரியை ஏலக்கூடத்து வாசலில் எழுதி வைக்கலாம்.

ரூபாய் இறங்கினால் இலாபம் அடைவோர் இல்லையா? உண்டு. வளைகுடாவில் வெயிலில் வேகும் நம் தம்பிமார்கள் அனுப்பும் பணம் ஊரிலே கொஞ்சம் கூடுதலாகும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வந்து சேரும் தெருவிலும் எண்ணெய் விலை ஏறித்தான் இருக்கும்.

கடலுக்கு அப்பால் நம் இனத்தவர் பட்ட பாட்டைப் பாருங்கள். மதுரைச் சீமையிலிருந்தும் திருச்சிச் சீமையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார்கள். 2021-ல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். அன்று டாலர் 200 இலங்கை ரூபாய்; அதாவது நாளுக்கு ஐந்து டாலர். கிடங்கு காலியாகும் வரை அந்த 200-ஐ இழுத்துப் பிடித்தது கொழும்பு. 2022 மார்ச்சில் கையை விட்டது. சில வாரங்களில் டாலர் 360. தேயிலை விற்றது டாலருக்கு. கூலி அதே ஆயிரம் ரூபாய். மூன்று டாலருக்கும் கீழே! கொழுந்தின் எடை குறையவில்லை, மலையின் சரிவு குறையவில்லை, கூலி மட்டும் கரைந்தது. 2024-ல் 1,350 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கும் இழுபறி, அதற்கும் வழக்கு வாய்தா. நாணயம் விழுவதற்கு ஒரு நாள், கூலி ஏறுவதற்கு மூன்று ஆண்டு.

இன்னொரு பக்கம் சவுதி அரேபியா. 1986-லிருந்து ஒரு டாலர் மூன்றே முக்கால் ரியால். அசைவில்லை. எப்படி முடிகிறது? எண்ணெய்க் கிணறு இருக்கிறது, கிடங்கு நிறைந்திருக்கிறது. ஆனாலும் ஒன்றை இழந்திருக்கிறார்கள். நிலையான விகிதம் வேண்டும், பணம் தடையின்றி வரப்போக வேண்டும், வட்டி விகிதத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரு நாடு கேட்க முடியாது, இரண்டைத்தான் வைத்துக்கொள்ளலாம். 1960-களில் மண்டெல், ஃப்ளெமிங் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் ஆய்விலிருந்து பிறந்த பாடம் இது. முதல் இரண்டையும் வைத்துக்கொண்ட சவுதி, வட்டியை வாஷிங்டனிடம் விட்டுவிட்டது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்தின் பக்கத்திலிருந்து ஐந்தரை வரை ஏற்றியது. ரியாத்தும் கூடவே ஏற்றியது. நம் ரிசர்வ் வங்கி வேறு வழி பார்த்தது: ரூபாயைக் கொஞ்சம் இறங்க விட்டது, கையிருப்பு டாலரைக் கொஞ்சம் விற்றது, வட்டியையும் கொஞ்சம் ஏற்றியது. கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய கொஞ்சத்தைச் சுமந்தவர்கள் யார் என்ற கணக்கு எந்த அறிக்கையிலும் தனிப்பத்தியாக வருவதில்லை.

வரவும் வராது, அந்த மேசையில் நமக்கு நாற்காலி இல்லாத வரை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலைப் புரட்டுங்கள். 36-வது இனம்: நாணயம், அந்நியச் செலாவணி. 38-வது இனம்: ரிசர்வ் வங்கி. எல்லாம் டெல்லிக்கு. நாணயம் ஒன்றாக இருந்தால் அதை ஓரிடத்தில்தான் நிர்வகிக்க முடியும். அதை நாம் அறிவோம், மாநிலத்துக்கு ஒரு ரூபாய் அச்சடிக்கக் கேட்கவில்லை. ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழுவில் இயக்குநர்களை நியமிப்பதெல்லாம் ஒன்றிய அரசு. பின்னலாடையும் தோலும் காரும் ஏற்றி டாலர் ஈட்டித் தரும் தமிழ்நாடு ஒரு பெயரைக் கூட முன்மொழிய முடியாது என்பது எந்த ஊர் நியாயம்?

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மலையேறும் நம் தாய்மார்களின் கூலியை விலைவாசிக் குறியீட்டோடு கட்டலாம். ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி உண்டு. அலுவலக ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. ஏலத்தோட்டத்து நாட்கூலிக்கு என்ன உண்டு? 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் தோட்டம் என்று எல்லை போட்டது. ஏலத்தோட்டங்களில் எத்தனையோ அந்த எல்லைக்குக் கீழே சிறு துண்டுகளாகக் கிடப்பவை. வேலை கேரளத்தில், வீடு தமிழகத்தில் என்பதால் இரண்டு தொழிலாளர் துறையும் "அங்கே போ" என்று விரல் நீட்ட வசதியாயிற்று. இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசினால் இதற்கு ஒரு வழி செய்ய முடியும். இதற்கு நிதியத்தின் அனுமதியோ வாஷிங்டனின் வட்டியோ தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தேவாரத்திலிருந்து நேரே மேற்கே ஏறினால் சாக்கலூத்து மெட்டு. அந்தக் காலத்தில் காலால் நடந்து மலையேறிய வழி. அதில் சாலை போடுங்கள் என்று தேவாரத்து மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்கிறார்கள். வனத்துறை ஒரு பக்கம் இழுக்க, கோப்பு ஒரு பக்கம் உறங்க, ஜீப்புகள் போடியைச் சுற்றியோ கம்பத்தைச் சுற்றியோ போகின்றன. அடுத்த கூட்டத்தில் அந்தத் தோழரைப் பார்த்தால் சொல்வோம்: அந்தச் சுற்றுவழியில் தினமும் புகைகிற டீசல் முழுவதும் டாலர், அந்த டாலர் ஏறினால் இறங்குவது உங்கள் கூலிக்குக் கிடைக்கும் எண்ணெய், சாலை மனுவில் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.